கேட்கும் செவியும் தேர்ந்த கையும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றால மலையில் சாரல் இறங்கத் தொடங்கினால், தென்காசியிலுள்ள மருத்துவமனை வார்டுகளின் தோற்றமும் மாறிவிடும். ஐந்தருவியின் பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த வெளியூர்ப் பயணி ஒரு கட்டிலில் இருப்பார். கடையநல்லூரிலிருந்து காய்ச்சலோடு வந்த சிறுவன் அடுத்த கட்டிலில் படுத்திருப்பான். செங்கோட்டைப் பக்கத்து வயலில் நாற்று நடும்போது பாம்பு கடித்த பெண்மணி அதற்கடுத்த கட்டிலில் இருப்பார். ஒருவரையொருவர் அறியாத இவர்களும் இவர்தம் குடும்பத்தாரும் ஒருவரையே எதிர்நோக்கியிருப்பர். அவர், காலையில் முறை மாறிப் பணிக்கு வரும் செவிலியர்.

இன்று வருபவர் எப்படிப்பட்டவரோ என்னும் வினா அப்போது எல்லோர் மனத்திலும் எழும். ஊசியை வலிக்காமல் போடுவாரா? கேட்டதற்குப் பொறுமையாக விடை சொல்வாரா? இரவில் அழைத்தால் வருவாரா? நோயாளியின் பக்கத்திலிருந்து எழும் இந்த வினாவுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. செவிலியராகிய நாங்கள் எதனைப் பரிவு என்று எண்ணுகிறோம்? எங்கள் எண்ணமும் உங்கள் எதிர்பார்ப்பும் ஒன்றா, வேறா? இருபத்தாறு ஆண்டுகள் வார்டுகளில் பணியாற்றியவள் என்னும் முறையில் இதனை உங்களோடு பேச விரும்புகிறேன். இவ்விரண்டும் வேறுபடும் இடத்தில் நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதே இதைப் பேசுவதற்கான காரணம்.

பக்கத்தில் நிற்பவர்

மருத்துவம் என்பது மருத்துவரும் மருந்தும் மட்டுமன்று என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பவையே அவை. அந்த நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்தில் நின்று செயலாற்றுபவர் என்று அதனைக் கொள்ளலாம். இன்று அந்தப் பொறுப்பை வார்டில் செவிலியரும், கட்டிலருகே குடும்பத்தாரும் பகிர்ந்துகொள்கின்றனர்.

பக்கத்தில் நிற்பவர் என்ன செய்தால் அது பரிவு ஆகும்? இவ்வினாவை முறையாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பாட்ரிசியா லார்சன் குறிப்பிடத்தக்கவர். 1980களில் அவர், செவிலியர் நோயாளிக்குச் செய்யும் ஐம்பது செயல்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதினார். ‘அழைக்கும்போது விரைந்து வருகிறார்’, ‘நோயாளி சொல்வதைக் கேட்கிறார்’, ‘மருத்துவரை எப்போது அழைக்க வேண்டும் என்று அறிந்திருக்கிறார்’ என்பன போன்ற செயல்கள் அவை. அவ்வட்டைகளை முக்கியத்துவத்தின்படி வரிசைப்படுத்துமாறு புற்றுநோயாளிகளிடம் கொடுத்தார். பின்னர்ச் செவிலியரிடமும் கொடுத்தார்.

இரு வரிசைகளும் ஒத்துப்போகவில்லை. செவிலியர் முதன்மையாக வைத்தது, நோயாளி சொல்வதைச் செவிமடுத்தலை. நோயாளிகள் முதன்மையாக வைத்தது, ஊசி போடுவதையும் ட்ரிப் ஏற்றுவதையும் கருவிகளைக் கையாளுவதையும் செவ்வனே அறிந்திருத்தலை. பரிவு என்றால் கனிந்த சொல் என்று செவிலியர் நினைத்திருக்க, பரிவு என்றால் தவறாத கை என்று நோயாளிகள் சொன்னார்கள். பின்னர் வேறு நாடுகளில் நடந்த பல ஆய்வுகளிலும் இத்தகைய வேறுபாடு தென்பட்டது.

முதன்முறை இதனைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நோயாளியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தபின் அவ்வியப்பு நீங்கிற்று. நரம்பு கிடைக்காமல் நான்கு முறை குத்தப்பட்ட கைக்கு, ஐந்தாம் முறை வரும் ஊசியே முதற்கவலை. உயிர் பாதுகாப்பாக இருக்கிறது என்னும் உறுதி பிறந்த பின்னரே, மனம் ஆறுதலைத் தேடும். செவிலியரோ நெடுநாட் பயிற்சியால் கைத்திறனை இயல்பானதாக எடுத்துக்கொள்கிறோம். நாள்தோறும் செய்யும் வேலைக்குப் பரிவு என்று பெயரிட நமக்குத் தோன்றுவதில்லை.

ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும் பணி

கைத்திறனும் கனிவும் தவிர, நோயாளியின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கண்காணித்தல். செவிலியரின் பணியில் பெரும்பகுதி இதுவே. ஆயினும் குடும்பத்தாரின் மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் தோன்றுகிறது.

பாம்புக்கடியோடு ஒருவர் வந்ததும், அவர் உடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறோம். பின்னர் மெல்லச் சாய்த்துப் பார்க்கிறோம். ரத்தம் உறைந்திருந்தால் ஒரு பொருள். நீர்போல ஓடினால், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் போன்ற பாம்பின் நஞ்சு ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். முதற்சோதனையில் உறைந்துவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் இச்சோதனையைத் திரும்பச் செய்வோம். நஞ்சு பின்னர் வேலை செய்யத் தொடங்கலாம் அல்லவா?

இந்த 20 நிமிடத்தில் வெளியே நிற்கும் உறவினர் காண்பது என்ன? மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அருகில் ஒரு செவிலியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். “கடிபட்டுக் கிடக்கா, சும்மா நிக்கீங்களே சிஸ்டர்!” என்று கோபம் கொள்வது இயல்பே. அவர் சும்மா நிற்கவில்லை. குழாயை யாரும் அசைத்துவிடாமல் காப்பதோடு, நோயாளியின் கண்ணிமை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இமைதான்.

டெங்குக் காய்ச்சலிலும் இப்படியொரு முரண் உண்டு. காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இறங்கும். உடல் குளிர்ந்தது கண்டு தாய் மகிழ்வார். “காய்ச்சல் விட்டுட்டே, வீட்டுக்கு அனுப்பிடலாமே” என்பார். எங்கள் கவலை அப்போதுதான் கூடுகிறது. காய்ச்சல் இறங்கும் வேளையை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும். அதனால்தான் சிறுவன் எத்தனை முறை சிறுநீர் கழித்தான், வயிறு கடுமையாக வலிக்கிறதா, வாந்தி நிற்காமல் இருக்கிறதா, கைகால் சில்லிட்டிருக்கிறதா, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கிறானா என்று ஓயாமல் கேட்கிறோம். நள்ளிரவில் எழுப்பி ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரைக் குழந்தையின் உறக்கத்தைக் கெடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம்.

கண்காணித்தலின் மதிப்பை முன்னரே உணர்ந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1859ஆம் ஆண்டு வெளிவந்த ‘செவிலியம் பற்றிய குறிப்புகள்’ என்னும் நூலில் நோயாளியை உற்றுநோக்குதலுக்கென்றே அவர் தனிப் பகுதி ஒதுக்கினார். அச்சமும் நிச்சயமின்மையும் காத்திருப்பும் நோயாளியை உடலுழைப்பைவிட மிகுதியாக வருத்தும் என்பதும் அவர் கருத்து. எனவே கண்காணித்தால் மட்டும் போதாது. எதற்காகக் கண்காணிக்கிறோம் என்பதை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லவும் வேண்டும். சொல்லப்படாத பரிவு, பார்ப்பவருக்கு அலட்சியமாகத் தோன்றிவிடும்.

ஓர் இரவு கற்பித்தது

என் பிழையொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த முதலாண்டு, வேறோர் ஊரிலுள்ள மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். அன்று வார்டு நிரம்பியிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த ஓர் ஆச்சி, சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். பீடி சுற்றிப் பிழைப்பவர். கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. குளிருக்காகக் கையைப் போர்வைக்குள் வைத்திருந்தார்.

ஒவ்வொரு சுற்றிலும் அவர் கட்டிலருகே நின்றேன். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். சொட்டுகளை எண்ணினேன். “நல்லா இருக்கீங்களா ஆச்சி?” என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். அடுத்த கட்டிலுக்குப் போனேன். நான் கனிவாகத்தான் கேட்டேன். சொட்டுகளையும் சரியாகவே எண்ணினேன்.

விடியற்காலையில் போர்வையை விலக்கியபோது, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கை வீங்கிப் பளபளத்தது. ஊசி நரம்பைவிட்டு விலகி, மருந்துநீர் தசைக்குள் இறங்கியிருந்தது. “எப்பத்துல இருந்து வலிக்கு ஆச்சி?” என்றேன். நடுச்சாமத்திலிருந்து வலிப்பதாகச் சொன்னார். “ஏன் ஆச்சி சொல்லல?” என்றதற்கு அவர் சொன்ன விடை இன்றும் என் காதில் இருக்கிறது. “நீ ஓடிக்கிட்டே இருந்தியே தாயி. உன்னைய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன்.”

ட்ரிப்பை நிறுத்தி, கையை உயர்த்தி வைத்து, மருத்துவருக்குத் தெரிவித்தோம். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆயினும் பத்து நாள் அந்தக் கையால் இலை வெட்டவோ சுற்றவோ அவரால் இயலவில்லை. சுற்றும் பீடிக்குக் கணக்கிட்டுக் கூலி பெறுபவருக்குப் பத்து நாள் என்பது என்ன என்று இப்பகுதியிலுள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று நான் தவறியது கைத்திறனிலா, கேட்பதிலா? நெடுநாள் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் பாட்டிலைப் பார்த்தேன்; கையைப் பார்க்கவில்லை. ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டேன். அது ‘ஆம்’ என்னும் விடையை மட்டுமே வாங்கிக்கொள்ளும் கேள்வி. பார்த்திருந்தால் கேட்க வேண்டியிருக்காது; சரியாகக் கேட்டிருந்தால் பார்த்திருப்பேன். செவிலியர் முதன்மையாக வைக்கும் கேட்டலும், நோயாளிகள் முதன்மையாக வைக்கும் திறனும் இரு வேறு பண்புகள் அல்ல என்பதை அந்த ஆச்சியின் கை எனக்குக் கற்பித்தது. நோயாளி சொல்லத் தயங்கும் இடத்தில் எவ்வளவு தேர்ந்த கையும் பிழை செய்யும்.

அதன்பின் என் வழக்கம் மாறிற்று. ட்ரிப் ஏறும் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துத் தொட்டுப் பார்ப்பேன். “எங்க வலிக்கு? எப்ப இருந்து?” என்று கேட்பேன். புதிதாகப் பணிக்கு வரும் இளஞ்செவிலியரிடம் முதல் வாரத்திலேயே இக்கதையைச் சொல்லிவிடுவேன்.

எங்கள் தரப்பில் திருத்த வேண்டியவை

பரிவின்மை பெரும்பாலும் கடுஞ்சொல்லாக வருவதில்லை; சிறு பழக்கங்களாகவே வருகிறது. ‘இதோ வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வராமலிருத்தல் அவற்றுள் முதலாவது. வேறொரு கட்டிலில் அவசரம் நேர்ந்திருக்கலாம். ஆனால் காத்திருப்பவருக்கு அது தெரியாது. “கால் மணி நேரமாகும், அதற்குள் வலி கூடினால் உடனே அழையுங்கள்” என்று சொன்னால் அவர் மனம் அமைதியுறும்.

நோயாளி கண்விழித்திருக்கையில் அவரைப் பற்றி அவர் மகனிடம் மட்டும் பேசுதல் மற்றொன்று. பெயரை விட்டுக் கட்டில் எண்ணால் குறிப்பிடுதல் இன்னொன்று. பெயரைக் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று. ஒவ்வொரு முறை மருந்து கொடுக்குமுன்னும், உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தினையும் செவிலியர் சரிபார்க்க வேண்டும். ஒரே வார்டில் இரு முத்துலட்சுமிகள் இருப்பது நம் ஊரில் அரிதன்று. “உங்க பேரைச் சொல்லுங்கம்மா” என்று நாள்தோறும் கேட்பது மறதியால் அன்று. அதுவும் பரிவின் ஒரு வடிவமே.

கூச்சத்தையும் மதிக்க வேண்டும். சிறுநீர் எரிச்சலைப் பற்றியோ மாதவிலக்கைப் பற்றியோ தம் மகன் முன்னிலையில் பேச நம் ஊர்ப் பெண்கள் விரும்புவதில்லை. திரையை இழுத்துவிட்டு, உடனிருப்பவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால், மூன்று நாள் மறைத்து வைத்த நோய்க்குறி மூன்று நிமிடத்தில் வெளிப்படும். ஆரியங்காவு, புனலூர்ப் பக்கமிருந்து வருவோரிடம் “வேதன உண்டோ?” என்று அவர்கள் மொழியில் ஒரு சொல் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும்.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவன

நோயாளியை எங்களைவிட நன்கு அறிந்தவர்கள் நீங்கள். ‘அப்பா வழக்கம்போல் இல்லை’ என்று மகள் சொல்வது, சில வேளைகளில் கருவி காட்டுவதற்கு முன்பே ஆபத்தை அறிவிக்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

ட்ரிப் ஏறும் இடத்தில் வலி, எரிச்சல், வீக்கம், ஈரம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே சொல்லுங்கள். சொட்டின் வேகத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மூச்சு வாங்குதல், புதிதாகத் தோன்றும் குழப்பம், எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுக்கு அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்சுலின் போட்டபின் நோயாளி உணவு உண்ணவில்லை என்றால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை சர்க்கரை மிகவும் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டில் உட்கொள்ளும் மாத்திரை, நாட்டு மருந்து எதுவாயினும் தெரிவியுங்கள். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். கடிந்துகொண்டால் அது எங்கள் பிழை.

படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப்புண்ணைத் தடுக்கும். புரட்டும் முறையைச் செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சென்றபின்னும் அது உங்களுக்குப் பயன்படும்.

“கை கழுவிட்டீங்களா சிஸ்டர்?” என்று எங்களைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல செவிலியர் அதனைக் குற்றமாகக் கொள்ளார்.

தொந்தரவு என்று எண்ண வேண்டாம்

வார்டில் செவிலியர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து இரங்கி, தம் வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் நல்ல மனம் நம் ஊராருக்கு உண்டு. அது பெருந்தன்மைதான். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுப்பது நோயாளியின் உடல். நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு முறையும் எங்களால் உடனே வர இயலாமற் போகலாம். ஆயினும் நீங்கள் சொல்லாத வலியை நாங்கள் அறியாமற் போவதைக் காட்டிலும், பத்து முறை அழைக்கப்படுவதையே விரும்புகிறோம்.

அந்த ஆச்சி வீடு திரும்பும் நாளில், வீங்கிய கையால் என் கன்னத்தைத் தொட்டு, “நல்லா இரு தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார். குறையொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இந்த மடலைப் படிக்கும் நீங்கள் சொல்லுங்கள். இன்றிரவு சுற்று வரும் செவிலியர் உங்கள் கட்டிலருகே நிற்கும்போது, போர்வையை விலக்கிக் கையைக் காட்டுங்கள்.